அம்மாவுக்கு ராத்திரியானால் கை மரத்துப்போகிறது, இதுதான் நரம்புத் தளர்ச்சியா?

முக்கூடல்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ஊர் முக்கூடல் பக்கம். அம்மாவுக்கு 54 வயது. பதினாலு வயதில் பீடித் தட்டை மடியில் வைத்தவள், இன்றைக்கும் ஒரு நாளைக்கு 700, 800 சுற்றிவிடுவாள். டிவியில் சீரியல் ஓடும், கண் அங்கே இருக்கும், விரல் பாட்டுக்கு இலையை எடுத்து, தூளைப் போட்டு, உருட்டி நூலைக் கட்டிக்கொண்டே இருக்கும். ஆறேழு மாதமாக வலது கை மரத்துப்போகிறது என்கிறாள். பகலில் அவ்வளவாக இல்லை. ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிறாள், தெர்மாமீட்டரை உதறுவோமே அந்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும், திரும்பப் படுத்துக்கொள்வாள். இந்த ஒரு மாதமாக இலை வெட்டும்போது கத்தரி கையிலிருந்து நழுவி விழுகிறது. போன சனிக்கிழமை கடையில் பாதிக் கட்டைக் கழித்துவிட்டார்கள், சுற்று தளர்வாக இருக்கிறதாம். அம்மாவுக்கு அதுதான் வருத்தமே தவிர கையைப் பற்றி இல்லை.

சுகர் நாலு வருஷமாக இருக்கிறது, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாள். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி பத்து ஊசி போட்டார்கள், சிவப்பாக இருக்குமே அந்த ஊசி. ஒன்றும் மாறவில்லை. எங்கள் ஆச்சி, "வாதம் இழுக்கப் பாக்குல, பெருசா வருமுன்னே பாத்துக்கோ" என்கிறாள். எதிர்வீட்டு மாமா வர்மம் தட்டுகிற ஒருவரைத் தெரியும் என்கிறார். எனக்கு உள்ளூரப் பயம் பக்கவாதம்தான், தாத்தா அதில்தான் போனார். இந்த நரம்பு என்பது எப்படித்தான் வேலை செய்கிறது, இதற்கும் பக்கவாதத்துக்கும் சம்பந்தம் உண்டா, எங்கே காட்ட வேண்டும்? புரியும்படி யாராவது சொல்லுங்கள்.

பாளை பிசியோ

தம்பி, பதில் சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. கை என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தெந்த விரல் என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். சுண்டுவிரல் மரக்கிறதா, இல்லையா? உள்ளங்கை நடுவில் எப்படி இருக்கிறது?

முக்கூடல்காரன்

கேட்டேன் அண்ணாச்சி. முதலில் "எல்லா விரலுந்தான்" என்றாள். ராத்திரி எழுந்தபோது நானே ஒரு துண்டுப் பஞ்சை வைத்து ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மதமதவென்று இருக்கிறதாம். சுண்டுவிரல் நன்றாகத் தெரிகிறது. உள்ளங்கையும் தெரிகிறது. மோதிர விரல்தான் வேடிக்கை, பாதி தெரிகிறது, பாதி தெரியவில்லை என்கிறாள். அப்படியெல்லாம் இருக்குமா?

பாளை பிசியோ

இருக்கும். அந்தப் பாதி விரல்தான் நோயைக் காட்டிக்கொடுக்கிறது.

கைக்கு வருகிற பெரிய நரம்புகள் மூன்று. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டின பாதி, இவ்வளவுக்கும் உள்ளங்கைப் பக்கத்து உணர்ச்சி மீடியன் என்கிற நரம்பு வழியாகப் போகிறது. சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் அல்நார் நரம்பின் பங்கு. முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் சுர்ரென்று சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி ஓடுமே, அது இந்த அல்நார்தான். மூன்றாவது ரேடியல், அது புறங்கைப் பக்கம். ஒரே விரல் நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி பாதி மரத்திருக்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் கைக்கு வந்து சேர்ந்த பிறகு ஒரு நரம்பில்தான் இருக்கிறது. மூளையில் அடிபட்டால் இப்படி விரலுக்கு விரல் எல்லை வகுத்துக்கொண்டு மரக்காது, கை முழுக்கவோ, முகமும் கையும் சேர்ந்தோ போகும்.

இப்போது மணிக்கட்டைப் பாருங்கள். அங்கே எட்டுச் சின்ன எலும்புகள் வளைந்து ஓடை மாதிரி நிற்கின்றன, மேலே தடித்த நார்ப்பட்டை ஒன்று பாலம் போட்ட மாதிரி மூடியிருக்கிறது. நம் ஊர் வாய்க்காலில் ரோட்டுக்கு அடியில் குழாய் மடை போட்டிருப்பார்களே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மடைக்குள் விரலை மடக்குகிற தசைநாண்கள் ஒன்பதும் இந்த மீடியன் நரம்பு ஒன்றும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. வருஷக்கணக்காக விரலை மடக்கி மடக்கி ஒரே வேலையைச் செய்யும்போது நாண்களைச் சுற்றியிருக்கிற உறை வீங்கும். எலும்பும் விட்டுக்கொடுக்காது, நார்ப்பட்டையும் விட்டுக்கொடுக்காது. இருப்பதிலேயே மிருதுவானது நரம்புதான், அது நசுங்கும். இதற்குப் பெயர் கார்பல் டனல். சுகர், தைராய்டு குறைவு, மாதவிடாய் நிற்கிற வயது இதெல்லாம் கூடச் சேர்ந்தால் சீக்கிரம் வரும்.

ராத்திரி மட்டும் ஏன் என்றால், தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு படுப்போம், மடக்கினால் அந்த மடைக்குள் அழுத்தம் ஏறும். உதறினால் இறங்கும். ராத்திரி எழுந்து கையை உதறினேன் என்று ஒருவர் சொன்னாலே எங்களுக்குப் பாதி தெரிந்துவிடும். உள்ளங்கை ஏன் மரக்கவில்லை என்றால், அங்கே போகிற கிளை மடைக்கு முன்னாலேயே பிரிந்து பாலத்துக்கு மேலே போய்விடுகிறது. அதுவும் பொருந்துகிறது.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கும்பிடுவதைத் தலைகீழாகச் செய்கிற மாதிரி, இரண்டு புறங்கையும் ஒட்டி விரல்கள் கீழே பார்க்க ஒரு நிமிஷம் வைக்கச் சொல்லுங்கள். அதற்குள் அதே விரல்கள் மதமதத்தால் சந்தேகம் கூடுகிறது. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதை மேடு இரண்டு கையிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். வலது பக்கம் வற்றிப் பள்ளமாக இருந்தால் இனி நாள் கடத்தக் கூடாது. கத்தரி நழுவுகிறது என்கிறீர்களே, அதனால்தான் சொல்கிறேன். கழுத்தில் நரம்பு வேர் அழுந்தினாலும் இதே விரல்கள் மரக்கலாம், ஆனால் அதில் கழுத்து வலி தோள் வழியாக இறங்கி வரும். நரம்பியல் டாக்டரிடம் காட்டி நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் எடுங்கள். லேசாகக் கரண்ட் கொடுத்து, மணிக்கட்டைத் தாண்டும்போது செய்தி எவ்வளவு சுணங்குகிறது என்று அளந்துவிடுவார்கள். ஆரம்பமாக இருந்தால் ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கிற ஸ்பிளிண்ட் போதும். அதற்கு மேல் போனால் மணிக்கட்டில் போடுகிற ஊசி, அதற்கும் மேல் அந்த நார்ப்பட்டையை வெட்டிவிடுகிற சின்ன ஆபரேஷன், கையை மட்டும் மரக்க வைத்துச் செய்வது, அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்.

அம்பை வாத்தியார்

பிசியோ தம்பி நன்றாகச் சொன்னார். நான் முப்பது வருஷம் உயிரியல் நடத்தியவன், எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, இங்கே கொட்டிவிடுகிறேன். நம் ஆட்களுக்கு நரம்பு என்கிற ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடக்கம். "ஊசி போட நரம்பு கிடைக்கல" என்றால் அது ரத்தக்குழாய். காலில் முடிச்சு முடிச்சாக நீலமாகத் தெரிவதை நரம்புச் சுருட்டு என்கிறோம், அதுவும் ரத்தக்குழாய். குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இருப்பதையும் நரம்பு என்கிறோம், அது தசைநாண். யாழுக்கும் நரம்பு, பீடி இலைக்கும் நரம்பு. தடித்த நரம்பு வந்தால் இலை மடங்காது என்று உங்கள் அம்மாவுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். இத்தனை குழப்பத்துக்கு மேல் நரம்புத் தளர்ச்சி என்று ஒரு போர்டு போட்டால் கை நடுக்கம், தூக்கமின்மை, சுகர்க் கால், கல்யாணமான பையனின் பயம் எல்லாரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். லாட்ஜில் ரூம் போட்டு மாதம் இரண்டு நாள் வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு இந்த ஒரு சொல்தான் முதலீடு.

சரி, உண்மையான நரம்பு என்ன செய்கிறது? மூளையும் தண்டுவடமும் தலைமை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளையிலிருந்து 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்பி உடம்பெல்லாம் பரவுகின்றன. ஒவ்வொரு நரம்பும் ஆயிரக்கணக்கான நுண்ணிழைகளின் கட்டு. ஒரு இழை சும்மா இருக்கும்போதே உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் குறைவாக, தயாராக நிற்கும். தூண்டினால் சோடியம் அயனிகள் உள்ளே பாயும், அந்த இடம் தலைகீழாகும், அதைப் பார்த்து அடுத்த இடம், அதற்கடுத்த இடம். கோயில் தேர் வடத்தில் முன்னால் இழுத்தால் பின்னால் நகர்வது போல இல்லை இது, வரிசையாக அடுக்கின சீட்டுக்கட்டு ஒன்று சாய்ந்து ஒன்றைச் சாய்ப்பது போல. ஒரு வித்தியாசம், சாய்ந்த சீட்டு, ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றிரண்டு பங்கு நேரத்தில் தானே எழுந்து நின்றுகொள்ளும்.

சில இழைகளுக்கு மேலே மயலின் என்று கொழுப்பு உறை உண்டு. உறை போட்டதில் செய்தி இடைவெளிக்கு இடைவெளி தாவிப் போகும், விநாடிக்கு நூறு மீட்டரைக்கூடத் தாண்டும். எரிச்சல் வலியைக் கொண்டுபோகிற மெல்லிய இழைகளுக்கு உறை கிடையாது, விநாடிக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர்தான். வாசல்படியில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டால் இடித்தது உடனே தெரியும், "ஐயோ இப்போ வலிக்கப் போகுது" என்று நினைக்க நேரம் இருக்கும், அப்புறம்தான் அந்த உயிர் போகிற வலி வந்து சேரும். காலிலிருந்து தலைக்கு ஒன்றரை மீட்டர் நடந்தே வருகிறது பாவம். தோசைக்கல்லில் கை பட்டால் சுட்டது தெரிவதற்கு முன்னாலேயே கை விலகிவிடுகிறது, அந்த உத்தரவு தண்டுவடத்திலேயே போட்டாகிவிட்டது, மூளைக்குத் தகவல் மட்டும்தான்.

இன்னும் ஒன்று, இதைச் சொல்லாமல் போக மனசில்லை. ஒரு நரம்பு செல் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் மயிரிழையிலும் மெல்லிய இடைவெளி இருக்கிறது. பெரும்பாலும் அங்கே மின்சாரம் தாண்டுவதில்லை, ஒரு ரசாயனம் சுரந்து அக்கரையில் இருக்கிற பூட்டில் போய் உட்காருகிறது. 1921இல் ஆட்டோ லோவி என்பவர் இரண்டு தவளை இதயத்தை வைத்து இதைக் காட்டினார். முதல் இதயத்துக்குப் போகிற நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார், அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவானது. அந்த ரசாயனம் அசிடைல்கோலின். அதன் பூட்டுகளில் ஒரு வகைக்குச் சரியாகப் பொருந்துகிற கள்ளச்சாவிதான் நிகோட்டின், புகையிலைச் செடி பூச்சியை விரட்ட வைத்திருக்கிற விஷம். லோவிக்கு முப்பது வருஷம் முன்னாலேயே இங்கிலாந்தில் லாங்லி என்பவர் நரம்பு முடிச்சுகளில் நிகோட்டினைத் தடவித் தடவித்தான், நம்மைக் கேட்காமல் இதயத்தையும் குடலையும் நடத்துகிற நரம்புகள் எங்கெங்கே கைமாறுகின்றன என்று வரைபடமே போட்டார். உங்கள் அம்மா மடியில் தினமும் கிடக்கிற தூளில் இருப்பதும் அதுதான். கை மரப்பதற்கு அது காரணம் என்று சொல்லவில்லை, சாப்பிடுவதற்கு முன் நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

பாளை பிசியோ

சார், பீரியட் முடிந்து பெல் அடித்துவிட்டது 😀 ஆனால் அந்தக் கட்டைவிரல் உதாரணத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சிஸ்டர் அக்கா

நான் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி, உங்கள் பயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மாதக்கணக்கில் ராத்திரி வந்து, உதறினால் போகிற மரப்பு பக்கவாதம் கிடையாது. பக்கவாதம் சொல்லிக்கொண்டு வராது, நின்ற இடத்தில் வரும். வாய் ஒரு பக்கம் கோணும், இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னால் ஒன்று தானாக இறங்கும், பேச்சு குழறும், சில பேருக்குத் திடீரென்று பார்வை போகும், நடை தள்ளாடும். மூளையின் வலது பக்கம் அடைத்தால் இடது பக்கம் விழும், நரம்புப் பாதை மூளையின் அடிப்பகுதியில் குறுக்கே மாறிக்கொள்வதால். இதில் எது தெரிந்தாலும் 108, வேறு யோசனை வேண்டாம். அடைப்பைக் கரைக்கிற ஊசி, ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் சிடி எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்த பிறகு. பெரிய குழாய் அடைத்தால் நிமிஷத்துக்கு 19 லட்சம் மூளை செல்கள் போகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதனால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று மணி பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

எங்கள் அப்பாவுக்கு வந்தது காலை ஆறு மணிக்கு. நான் அன்றைக்கு டியூட்டியில். வீட்டில் பெரியப்பா புறாவை அறுத்து அந்த ரத்தத்தைக் கைகாலில் தேய்த்துவிட்டு, வெயில் ஏறட்டும் என்று காத்திருந்து, வாயில் கஞ்சியை வேறு ஊற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மூன்று மணி. ஊசி போடுகிற நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. கஞ்சி புரை ஏறி நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. இப்படி வருகிறவர்களுக்கு விழுங்க முடிகிறதா என்று சோதிக்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, ஆஸ்பிரின் மாத்திரையும் நாமாகக் கொடுக்கக் கூடாது, கசிவாக இருந்தால் அது இன்னும் மோசமாக்கும். நாள் முழுக்க அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள், வீட்டில் ஒருத்தருக்கும் சொல்லி வைக்கவில்லை.

அப்புறம் சுகர். அம்மாவின் கையைவிட எனக்குக் காலைப் பற்றித்தான் கேட்க வேண்டும். சுகர் நரம்பைக் கெடுக்கும்போது உடம்பிலேயே நீளமான இழையில் தொடங்கும், அதாவது இரண்டு பாதத்திலும் ஒரே நேரத்தில், விரல் நுனியிலிருந்து மேலே, சாக்ஸ் போட்ட மாதிரி. எரிச்சல், எறும்பு ஊர்வது, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கும். சில பேருக்கு எரிச்சலே இல்லாமல் நேரே உணர்ச்சி போய்விடும், அதுதான் ஆபத்து. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் வார்டு வரைக்கும் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தவரைப் பார்த்திருக்கிறேன், வெறும் பாதத்தில் ஆணி குத்தி ரத்தம் தரையெல்லாம். வலிக்காத கால் என்று சந்தோஷப்படக் கூடாது. தினமும் ராத்திரி பாதத்தையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நைலான் நூல் வைத்துக் குத்திப் பார்க்கிற டெஸ்ட் ஒன்று உண்டு, வருஷத்துக்கு ஒரு தடவை.

மெட்ஃபார்மின் வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். குறைந்தால் நரம்பின் உறையும் கெடும், தண்டுவடத்தின் பின்பகுதியும் கெடும். முகம் கழுவும்போது கண்ணை மூடினதும் தள்ளாடுகிறதா என்று கேளுங்கள். கால் எங்கே நிற்கிறது என்கிற செய்தி மேலே போகாதபோது ஆள் கண்ணை நம்பித்தான் நிற்கிறார், கண்ணையும் மூடினால் பிடி போய்விடும். குற்றாலத்தில் அருவிக்கடியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை என்று வந்த ஒருவருக்கு இதைத்தான் கண்டுபிடித்தார்கள். அதனால் அந்தச் சிவப்பு ஊசி தப்பான மருந்து என்று நான் சொல்ல மாட்டேன், அது பெரும்பாலும் பி12தான். குறைந்தவர்களுக்குத் தெய்வம் மாதிரி. மணிக்கட்டில் நசுங்கின நரம்புக்கு அது என்ன செய்யும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்கு என்று இல்லை, படிக்கிற எல்லாருக்கும். தோலில் வெளிறின தேமல், அதில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோய்க்குப் பாருங்கள். அது நரம்பைப் பிடிக்கிற கிருமி. மருந்து இலவசம், ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் குணமாகும். வெட்கப்பட்டு மறைத்துத்தான் விரலை இழக்கிறார்கள்.

ஜன்னல் சீட்டு

பக்கவாதம் என்று என்னையும் ஒரு தடவை வீட்டில் அழவைத்துவிட்டார்கள், அதனால் எழுதுகிறேன். தென்காசியிலிருந்து காலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து திருநெல்வேலி வந்தேன். இறங்கி டீ குடித்தால் டீ கடைவாயில் ஒழுகி சட்டையில் விழுகிறது. டீக்கடைக்காரர்தான் "அண்ணாச்சி, வாய் ஒரு மாதிரி இருக்கு" என்றார். கண்ணாடியில் பார்த்தால் இடது பக்கம் தொங்கிப்போய், கண் மூடவே இல்லை. விசிலடித்துப் பார்த்தேன், காற்றுதான் போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் "நெற்றியைச் சுருக்குங்க" என்றார். வலது பக்கம் சுருங்கியது, இடது பக்கம் இஸ்திரி போட்ட மாதிரி. அதைப் பார்த்துவிட்டு கை கால் பலம், பேச்சு எல்லாம் சோதித்து, பக்கவாதம் இல்லை, பெல்ஸ் பால்சி, ஏழாவது நரம்பு வீங்கியிருக்கிறது என்றார். நெற்றிச் சதைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருமாம், அதனால் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். நரம்பே கெட்டால் நெற்றியும் சேர்ந்து போகும். பிசியோ சொன்ன அதே கதைதான், காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒடுக்கமான பாதை, அதற்குள் நரம்பு வீங்கினால் போக இடமில்லை. மூன்று நாளுக்குள் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள், கண்ணுக்குச் சொட்டு மருந்து, ராத்திரி இமையை மூடி டேப். இரண்டரை மாதத்தில் சரியானது. ஊரில் இன்னும் "பஸ்ஸில் காத்து அடிச்சுட்டு" என்றுதான் சொல்கிறார்கள். வைரஸாக இருக்கலாம் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள். ஆனால் நெற்றி சுருங்குகிறதா என்று வீட்டில் பார்த்துவிட்டு நீங்களே முடிவு பண்ணாதீர்கள், நான் போன மாதிரி உடனே போய்விடுங்கள்.

கல்லிடை ராசா

எல்லாரும் வர்மத்தை விட்டுவிட்டீர்களே. எங்கள் தாத்தா வர்மம் தெரிந்தவர், சுளுக்கு, தோள் இறங்கினது எல்லாம் பார்ப்பார். எல்லாவற்றையும் ஏமாற்று என்று சொல்வது எனக்குப் பிடிக்காது.

அம்பை வாத்தியார்

யாரும் அப்படிச் சொல்லவில்லையே ராசா. பாளையில் 1964இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரியே நடக்கிற ஊர் நம்முடையது. அங்கே படித்தவரிடம் போவது வேறு, பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறவரிடம் போவது வேறு. உங்கள் தாத்தா மாதிரி ஆட்கள் எதைத் தொடக் கூடாது என்றும் தெரிந்து வைத்திருந்தார்கள். ஏற்கெனவே நசுங்கியிருக்கிற நரம்பின் மேல் ஒருவர் கட்டைவிரலை வைத்து அழுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை, அவ்வளவுதான்.

தச்சநல்லூர் மைனி

எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு வலிப்பு வரும், வந்தால் எல்லாரும் சாவிக்கொத்தைத் தேடி ஓடுகிறார்கள். அதுவும் இப்படி நரம்புக் கோளாறுதானா?

சிஸ்டர் அக்கா

ஆமாம் மைனி. மூளையில் ஒரு கூட்டம் செல்கள் ஒரே நேரத்தில் தாறுமாறாக மின்சாரம் விடுவதுதான் வலிப்பு. பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாக நின்றுவிடும், அந்த நேரத்துக்குள் சாவி கைக்கு வந்துவிடுவதால் சாவிக்குப் பெயர். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் இருக்கிற கல், நாற்காலியை நகர்த்துங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், மணி பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, நினைவு வராமல் திரும்பத் திரும்ப வந்தாலோ 108. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர் வரைக்கும் அடங்கிவிடும், டாக்டர் சொல்லாமல் நிறுத்தத்தான் கூடாது.

முக்கூடல்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பாளையில் நரம்பியல் டாக்டரிடம் காட்டினோம். நெர்வ் டெஸ்ட் எடுத்தார்கள். கரண்ட் கொடுக்கும்போது விரல் தானாகத் துள்ளுவதைப் பார்த்து அம்மா சிரித்துவிட்டாள், "எஞ் சொல்லையே கேக்காத விரலு இவுக சொன்னா கேக்கு" என்கிறாள். இரண்டு கையிலும் இருக்கிறதாம், வலதில் நடுத்தரம், இடதில் ஆரம்பம். இடது கையைப் பற்றி அவள் சொல்லவே இல்லை. கட்டைவிரல் மேடு இன்னும் வற்றவில்லை. தைராய்டு சரியாக இருக்கிறது, பி12 குறைவாக இருக்கிறது, அக்கா சொன்னது சரிதான். பாதத்தில் நைலான் நூல் டெஸ்டில் வலது பெருவிரல் மட்டும் தெரியவில்லை என்றாள், தினமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், செருப்பு மாற்றியாகிவிட்டது. ராத்திரி ஸ்பிளிண்ட், ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள், குறையாவிட்டால் ஊசி. பீடியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் டாக்டர். அம்மா அவரிடம் "சரிங்கய்யா" என்றாள். வீட்டுக்கு வந்து 600 சுற்றினாள்.

இப்போது ஒரு சிக்கல். ஸ்பிளிண்ட்டைப் பகலிலும் போட்டால் சீக்கிரம் குணமாகும் என்று நினைத்து அதைப் போட்டுக்கொண்டே பீடி சுற்றப் பார்க்கிறாள். மேல்பட்டை நூலில் மாட்டி இரண்டு தடவை தட்டே கவிழ்ந்துவிட்டது. பகலில் அவசியமா?

பாளை பிசியோ

அவசியமில்லை, கழற்றச் சொல்லுங்கள். அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்தால் விரல் இன்னும் முக்கி மடக்கும். ராத்திரி மட்டும், ஆனால் ஒரு ராத்திரிகூட விடாமல். பகலில் அரைமணிக்கு ஒரு தடவை தட்டை இறக்கி வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் கையை விரித்து வைக்கட்டும், சீரியலில் விளம்பரம் வரும்போது என்று சொன்னால் ஞாபகம் இருக்கும். இடது கைக்கும் ஒன்று வாங்குங்கள். வலது கைக்கு உள்ளதையே மாற்றிப் போட்டால் உட்காராது, உள்ளே இருக்கிற தகடு வளைவு வேறு. கடைக்குப் போகும்போது மணிக்கட்டுச் சுற்றளவை பீடி நூலால் அளந்து எடுத்துக்கொண்டு போங்கள், சைஸ் கேட்பார்கள்.